கீழாநெல்லியும் ரத்தப் பரிசோதனைச் சீட்டும்

ஆனி பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையாள நாட்டு மேகங்கள் தென்காசிச் சீமைக்குள் எட்டிப் பார்த்து, பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் நீர் விழத் தொடங்கிவிட்டதென்றால், எண்ணெய் தேய்த்துவிடுபவர்களும் பழக்கடைக்காரர்களும் சிப்ஸ் வறுப்பவர்களும் நெருக்கியடித்து நிற்கும் குற்றாலத்துக் கடைவீதியில், சாக்கை விரித்து வேர்களையும் பட்டைகளையும் பொடிகளையும் பரப்பிவைத்துக்கொண்டு உட்காரும் மூலிகை வியாபாரிக்கும் அது சீசன்தான். சர்க்கரைக்கு ஒரு பொடி, மூட்டு வலிக்கு ஒரு தைலம், முடி கொட்டுவதற்கு ஒரு வேர் என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருகையில், காமாலை என்று யாராவது வாய் திறந்துவிட்டால் மட்டும் அவர் யோசிப்பதே இல்லை. கீழாநெல்லி என்று சொல்லிவிடுகிறார். அகஸ்தியர் வாசம் செய்த பொதிகை இது என்ற ஐதீகமும், சித்த வைத்தியத்தில் இந்தச் சீமைக்கு இருக்கும் தலைமுறை தலைமுறையான பற்றும், பாளையங்கோட்டையில் 1964 முதல் நடந்துவரும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் எல்லாம் சேர்ந்து அந்தப் பதிலுக்கு ஒரு கனத்தைக் கொடுத்திருக்கின்றன. உண்மையில் அதை விலை கொடுத்து வாங்கவேண்டிய அவசியமே இல்லை. நல்ல மழை ஒன்று பெய்துவிட்டால் வயல் வரப்பிலும் வீட்டுக் கொல்லையிலும் தானாகவே முளைத்து, ஒரு சாண் உயரத்தில் நின்று, இலைகளுக்கு அடிப்புறத்தில் வரிசையாகச் சின்னஞ்சிறு பச்சைக் காய்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும். அதைப் பிடுங்கி, வேரோடு அலசி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காயளவு உருட்டி, மோரில் கரைத்து வெறும் வயிற்றில் குடித்து, உப்பையும் எண்ணெயையும் தள்ளிப் பத்தியம் இருந்தால், சில வாரங்களில் கண்ணின் மஞ்சள் இறங்கிவிடுகிறது என்பது இங்கே பலரும் தம் வீட்டிலேயே கண்ட அனுபவம்.

அந்த அனுபவம் பொய்யில்லை. ஆனால் மஞ்சள் இறங்கியதும் வியாதி தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறோமே, அங்கேதான் இந்தக் கட்டுரைக்கு வேலை இருக்கிறது.

காமாலை என்பது கல்லீரல் வருந்துகிறது என்பதற்கான ஓர் அடையாளமேயன்றி, தனியொரு வியாதியன்று. அந்த வருத்தத்தை உண்டாக்கும் வைரஸ்களுள் ஏ என்பதும் இ என்பதும் அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுபவை. கண்ணையும் சிறுநீரையும் மஞ்சளாக்கி, மனிதரைச் சில வாரங்கள் படுக்கவைத்து, பெரும்பாலும் தாமாகவே விலகிப்போய்விடுபவை. பி என்பது வேறு ஜாதி. அது நீரில் வருவதில்லை, சோற்றில் வருவதில்லை, கட்டிப்பிடித்தால் ஒட்டிக்கொள்வதில்லை. அந்த வைரஸ் உள்ளவரோடு ஒரே அருவியில் தலையைக் கொடுத்து நின்றாலும் வருவதில்லை. ரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவ காலத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவதாலும், நாவிதர் கத்தியாலும், பச்சை குத்தும் ஊசியாலும் பரவுகிறது. உடலுக்கு வெளியே, உலர்ந்துபோன ரத்தத் துளியில்கூட அது குறைந்தது 7 நாள் வீரியம் குன்றாமல் இருக்கக்கூடும் என்பதைக் கணக்கில் கொண்டால், ஒரே பிளேடைப் பலருக்கும் போடும் பழைய சவரக் கடை வழக்கம் ஒழிந்துவருவது பற்றி யாரும் வருத்தப்படவேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விட அதன் விசேஷமான குணம் யாதெனில், அது வந்த வயதைப் பொறுத்து மனிதருடைய கதி மாறிவிடுகிறது. நல்ல தேகஸ்திதியுள்ள வயது வந்த ஒருவருக்கு அது தொற்றினால், நூற்றுக்கு 95 பேருக்கு மேல், சிலர் காமாலையோடும் பலர் காமாலையே தெரியாமலும், சில மாதங்களில் அதை ரத்தத்திலிருந்து துரத்திவிடுகிறார்கள். பிறக்கும்போதே தாயிடமிருந்து அதைப் பெற்ற சிசுவுக்கோ நிலைமை நேர்மாறானது. அப்படிப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 90 வரை அந்த வைரஸை ஆயுள் முழுதும் சுமக்கும்படி ஆகிவிடுகிறது. அவர்கள் அழுவதில்லை, காய்ச்சலில் துவள்வதில்லை, மஞ்சளாவதும் இல்லை; வளர்ந்து, படித்து, கல்யாணமும் ஆகி, முப்பதிலோ நாற்பதிலோ ஏதோ ஒரு காரணத்துக்காக ரத்தம் கொடுக்கிறபோது அது தெரியவருகிறது. உலகத்தில் 2022-ஆம் ஆண்டில் இப்படி நாட்பட்ட பி வைரஸோடு வாழ்ந்தவர்கள் 25 கோடியே 40 லட்சம் பேர் என்றும், அவர்களில் சுமார் 3 கோடிப் பேர் இந்தியர்கள் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் காமாலை கண்டவர்கள் அல்லர். அப்படியிருக்க, கண்ணைப் பார்த்து வைத்தியம் செய்யும் எந்த முறைக்கும் இவர்கள் அகப்படுவது எப்படி?

ஏதோ ஒரு காரணம் என்றேனே, தென்காசி ஜில்லாவில் அந்தக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுக்கும் ரத்தம் ஒன்று. ரத்த தானம் செய்தால் சட்டப்படி நடக்கும் சோதனை மற்றொன்று. ஆபரேஷனுக்கு முன்பும் டயாலிஸிஸுக்கு முன்பும் கட்டாயமாக எடுப்பது வேறு. கடையநல்லூர், செங்கோட்டை பக்கங்களில் இவற்றோடு வளைகுடா நாட்டு வேலைக்கான மெடிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, பாஸ்போர்ட் எடுத்து, உறவுக்காரர் வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டு, பெட்டி வாங்கும் கட்டத்தில் நிற்கிற ஒரு வாலிபனுக்கு, பத்து வரிகள் கொண்ட ஒரு காகிதத்தில் ஒரே வரியில் ரியாக்டிவ் என்று வந்துவிட்டால், அந்தக் குடும்பத்தின் இரண்டு வருஷத்துத் திட்டம் அந்த இடத்திலேயே கலைந்துபோகிறது. அதற்கப்புறம் அவன் அந்தக் காகிதத்தை யாரிடமும் காட்டாமல் மடித்து வைத்துக்கொள்கிறான். அல்லது, காமாலை என்று சொன்னார்கள் என்று சொல்லிக்கொண்டு நேரே பச்சிலை மருந்து கொடுக்கும் ஊர் ஒன்றுக்குப் பஸ் ஏறுகிறான். இரண்டுமே வேண்டாத காரியங்கள். அந்தக் காகிதத்தை முழுவதும் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் போவதுதான் அவன் செய்யவேண்டியது.

அந்த வரியின் பூர்வோத்தரத்தைச் சொன்னால் விஷயம் விளங்கும். அமெரிக்க நாட்டில் பாரூக் பிளம்பெர்க் என்ற ஆராய்ச்சியாளர், வெவ்வேறு ஜனங்களின் ரத்தத்தில் பிறவியிலேயே அமைந்திருக்கும் வித்தியாசங்கள் யாவை என்று பார்ப்பதற்காக உலகின் பல மூலைகளிலிருந்தும் ரத்தத்தைச் சேகரித்து வைத்திருந்தார். காமாலையைத் தேடி அவர் புறப்படவில்லை. பலமுறை பிறர் ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு நோயாளியின் ரத்தத்தையும், ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவருடைய ரத்தத்தையும் எதிரெதிரே வைத்தபோது, இரண்டும் சந்தித்த இடத்தில் ஒரு கோடு விழுந்தது. 1960-களின் நடுவில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட அந்தப் புதிய பொருளுக்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று பெயர் வைத்தார்கள். அது இந்தக் கல்லீரல் வைரஸின் மேலுறை என்பது தெரிவதற்கு மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. 1976-ல் நோபல் பரிசு பெற்ற அந்த பிளம்பெர்கின் பிறந்தநாளாகிய ஜூலை 28-தான் இன்று உலக ஹெப்படைடிஸ் தினம். தென்காசி லேபில் இன்று 'ஹெச்.பி.எஸ்.ஏஜி.' என்று அச்சடித்துக் கொடுப்பது அன்று விழுந்த அதே கோட்டைத்தான்.

அது வைரஸின் மேலுறை. அது ரத்தத்தில் இருக்கிறதென்றால் வைரஸ் இப்போது உடலில் இருக்கிறது என்பது பொருள். புதிதாக வந்ததா, பிறவியிலிருந்தே இருப்பதா என்பதை அந்த ஒரு வரியால் சொல்லமுடியாது. ஆறு மாதம் கழித்தும் அது போகாமல் இருந்தால்தான் நாட்பட்டது என்று வைத்தியர்கள் தீர்மானிக்கிறார்கள். இன்னொரு வரி, ஆன்டி-ஹெச்.பி.எஸ். என்பது, அந்த மேலுறைக்கு எதிராக நம் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள். பாதுகாப்புத் தருவது இதுவே. மூன்றாவது, ஆன்டி-ஹெச்.பி.சி. என்பது, வைரஸின் உட்கருவுக்கு எதிராக உண்டாவது. தடுப்பூசியில் மேலுறை மட்டுமே இருக்கிறது, உட்கரு இல்லை. ஆகையால் ஊசி போட்டுக்கொண்டவருக்கு இந்த மூன்றாவது ஒருகாலும் வராது. நிஜமான வைரஸ் என்றாவது ஒருநாள் அந்த உடம்புக்குள் வந்து போயிருந்தால்தான் அது இருக்கும். முதல் வரி நிகழ்காலத்தைச் சொல்கிறது என்றால், மூன்றாவது வரி இறந்தகாலத்தைச் சொல்கிறது.

இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் குழப்பம் அநேகமாகத் தீர்ந்துவிடுகிறது. மூன்றும் இல்லாதவர் வைரஸையும் கண்டதில்லை, ஊசியையும் கண்டதில்லை. அவர் ஊசி போட்டுக்கொள்ளவேண்டியவர். இரண்டாவது மட்டும் இருப்பவர் தடுப்பூசியால் பாதுகாப்புப் பெற்றவர். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்திருந்து முதலாவது இல்லாதவருக்கு, அவருக்கே தெரியாமல் எப்போதோ வைரஸ் வந்து, உடம்பு அதை வென்றிருக்கிறது. இயற்கையாகக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு ஆயுள் முழுதும் இருக்கக்கூடியது. முதலாவதும் மூன்றாவதும் இருந்து இரண்டாவது இல்லாதவரிடம் வைரஸ் இப்போது இருக்கிறது. மூன்றாவது மட்டும் தனியே நிற்கும் சீட்டுத்தான் வைத்தியரையும் சற்றுத் தலையைச் சொறியவைப்பது: பழைய தொற்றின் எதிர்ப்பொருள் காலப்போக்கில் இறங்கிப்போயிருக்கலாம், மேலுறை மறைந்து எதிர்ப்பொருள் இன்னும் தலைகாட்டாத நடு வாரங்களாக இருக்கலாம், பரிசோதனையே பொய் சொல்லியிருக்கலாம், அரிதாக, அளக்கமுடியாத அளவில் வைரஸ் ஒளிந்திருக்கவும் கூடும். அந்த மாதிரிச் சீட்டை வைத்துக்கொண்டு யாரும் தானாக ஒரு முடிவுக்கு வரக்கூடாது, அந்த எதிர்ப்பொருள் ஐ.ஜி.எம். வகையா என்று பார்ப்பதும், வைரஸின் டி.என்.ஏ.யை அளப்பதும் அதற்கென்றே இருக்கின்றன. நாட்பட்ட நோயாளிக்கு 'இ' ஆன்டிஜெனும், ஏ.எல்.டி. என்ற கல்லீரல் என்ஸைமும், ஸ்கேனும் தேவைப்படும். அவை ஸ்பெஷலிஸ்டின் விவகாரம், இங்கே விரிக்கவில்லை.

இந்த ஞானம் இல்லாததால் நல்ல சேதியே கெட்ட சேதியாகிவிடுவதும் உண்டு. தென்காசியில் ஒரு லேபின் வாசலில் நான் பார்த்த காட்சி இது. நர்ஸிங் படிக்கிற பெண்ணுக்குக் கல்லூரியில் கேட்டார்கள் என்பதற்காக எடுத்த சீட்டு, ஆன்டி-ஹெச்.பி.எஸ். என்ற வரிக்கு நேரே ரியாக்டிவ் என்று தடித்த எழுத்தில் அச்சாகி, பக்கத்தில் 312 என்று ஓர் எண். தகப்பனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"அண்ணாச்சி, பிள்ளைக்குப் பாஸிட்டிவ்னு போட்டிருக்கே. வெளிய தெரிஞ்சா கல்யாணத்துக்குத் தடையாயிருமே?"

கௌண்டரில் இருந்தவர் தலை நிமிராமலே சொன்னார்: "அது இருக்கவேண்டிய பாஸிட்டிவ், அண்ணாச்சி. பிள்ளை போன வருஷம் மூணு ஊசி போட்டிருக்கால்லா, அது பிடிச்சிருக்குன்னு அர்த்தம். இல்லைன்னு வந்திருந்தாத்தான் திரும்பப் போடச் சொல்லுவாங்க."

தகப்பனாருக்கு அரை நம்பிக்கைதான் வந்தது. பெண்தான் சீட்டை அவர் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வாங்கப்பா போவோம்" என்று நடந்தாள். லேப் நடத்துபவர்கள் அந்தத் தடித்த எழுத்துக்குக் கீழே, இந்த வரியில் பாஸிட்டிவ் என்றால் பாதுகாப்பு இருக்கிறது என்று தமிழில் ஒரே ஒரு வாக்கியம் அச்சடித்துவிட்டால் எத்தனை வீடுகளில் அன்றிரவு தூக்கம் வரும் என்று எனக்குத் தோன்றியது. செலவு ஒன்றும் அதிகமில்லை.

அந்த 312 என்ற எண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் நிலைத்த பாதுகாப்பு என்பதைப் பற்றி ஜனங்களிடையே இருக்கும் சந்தேகமெல்லாம் அதைச் சுற்றியே இருக்கிறது. ஒரு மில்லி லிட்டர் ரத்தநீரில் 10 மில்லி யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு உண்டு என்பது உலகம் ஒப்புக்கொண்ட எல்லை. ஆரோக்கியமான வாலிபப் பருவத்தில் 0, 1, 6 என்ற மாதக் கணக்கில் மூன்று ஊசி முறையாகப் போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் வருஷங்கள் செல்லச் செல்ல அந்த எண் இறங்கிக்கொண்டே வருகிறது. பத்துக்குக் கீழேயும் போய்விடுகிறது. போனவுடன் பாதுகாப்பும் போயிற்று என்று நினைத்து, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பூஸ்டர் போட்டுக்கொள்ளவேண்டும் என்று ஒரு காலத்தில் பலரும் சொல்லிவந்தார்கள். இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

உடம்பின் சுபாவம் அப்படியல்ல. சித்திரை வைகாசியில் குற்றாலத்துக்கு வருபவர், பேரருவிப் பாறை காய்ந்து, குரங்குகள் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, இங்கே தண்ணீரே கிடையாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனால் எவ்வளவு சரியோ, அவ்வளவு சரி, எதிர்ப்பொருளின் எண் இறங்கியதைக் கண்டு பாதுகாப்பே கிடையாது என்று சொல்வதும். அந்த எதிர்ப்பொருளை உற்பத்தி செய்யக் கற்றுக்கொண்ட ஞாபக அணுக்கள் ரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் இருந்துகொண்டே இருக்கின்றன. நிஜமான வைரஸ் வந்து தட்டினால், சில நாட்களில் அவை திரும்பவும் பெருமளவில் உற்பத்தி செய்துவிடுகின்றன. இந்த வைரஸ் உடம்பில் வேரூன்ற வாரக்கணக்கில் நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆதலால் உடம்புக்கு அவகாசமும் இருக்கிறது. இதற்குப் பிரமாணம் அலாஸ்காவிலிருந்து வந்திருக்கிறது. 1981-ல் அங்கே தடுப்பூசி போட்டுக்கொண்ட பூர்வகுடி மக்களை 30 ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, நூற்றுக்கு 51 பேருக்கு இன்னமும் பத்துக்கு மேல் எண் இருந்தது. இறங்கிப்போயிருந்தவர்களில் பூஸ்டர் ஒன்று போட்டுப் பார்த்ததில் 88 சதவீதம் பேருடைய உடம்பு உடனே விழித்துக்கொண்டு எதிர்ப்பொருளை உண்டாக்கியது. ஆகவே சிறுவயதில் முறையாக ஊசி போட்டுக்கொண்ட சாதாரண தேக நிலையுள்ளவர் பூஸ்டருக்காக அலையவேண்டியதில்லை என்பதே இன்றைய வைத்திய சாஸ்திரத்தின் முடிவு.

விலக்குகள் உண்டு. டயாலிஸிஸ் செய்துகொள்பவர்களுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் அந்த ஞாபகத்தை நம்பி இருந்துவிட முடியாது. அவர்களுக்கு எண்ணை அவ்வப்போது பார்த்து, குறைந்தால் ஊசி போடுகிறார்கள். நர்ஸ், டாக்டர், லேப் ஊழியர், துப்புரவுப் பணியாளர் என்று ரத்தத்தோடு புழங்குகிறவர்கள் மூன்றாவது ஊசிக்கு ஒன்று இரண்டு மாதங்கள் கழித்து ஒரு தரம் எண்ணைப் பார்த்துக்கொள்வது அவசியம். ஊசி பிடிக்காதவர் யார் என்பது அப்போதுதான் தெரியும், பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் அது பிடிக்கவில்லையா, பிடித்து இறங்கியதா என்று பிரித்தறிய வழியில்லை. ஊசி போட்டுக்கொண்ட சில நாட்களுக்குள் ஹெச்.பி.எஸ்.ஏஜி. பரிசோதனைக்குக் கொடுப்பதும் கூடாது. ஊசியிலிருந்த மேலுறையே ரத்தத்தில் மிதந்து, சுமார் 18 நாள் வரை ரியாக்டிவ் என்று காட்டிவிடலாம்.

இயற்கையாகவே வைரஸை வென்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் வரி மறைந்து, இரண்டாவதும் மூன்றாவதும் நிலைத்துவிட்டால் அவர் நோயாளியல்லர், பிறருக்குப் பரப்புபவருமல்லர். ஆனால் கல்லீரல் அணுக்களின் உட்கருவில் அந்த வைரஸின் வித்து ஒன்று மிகச் சிறிய அளவில் மௌனமாக இருந்துகொண்டே இருக்கிறது. சாதாரணமாக அது எழுந்திருப்பதில்லை. புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சையோ, ரிடுக்ஸிமாப் போன்ற மருந்தோ கொடுத்து உடம்பின் காவலைத் தளர்த்துகிறபோது மட்டும் எழுந்துவிடக்கூடும். அதனால்தான் அந்தச் சிகிச்சைகளுக்கு முன்னே இந்தப் பரிசோதனைகளைக் கேட்கிறார்கள். எப்போதோ வந்துபோன காமாலையைப் பற்றி டாக்டர் விசாரிக்கும்போது, அது கிடக்கட்டும் என்று தள்ளிவிடாமல் சொல்லிவிடுவது நல்லது.

இனிக் கீழாநெல்லிக்குத் திரும்பலாம். அதை மூடநம்பிக்கை என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிடுகிறவர்களோடு எனக்குச் சம்மதமில்லை. ஏனெனில் அதை உலகத்தின் முன்னே நேர்மையாகப் பரீட்சைக்கு வைத்தவர்கள் தமிழ்நாட்டு விஞ்ஞானிகளே. சென்னைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியராயிருந்து, பின்னாளில் அதன் துணைவேந்தராகவும் ஆன எஸ்.பி.தியாகராஜன் அவர்களும் அவருடைய குழுவினரும், வெங்கடேஸ்வரன் என்ற விஞ்ஞானியும், அந்த மேலுறையைக் கண்டுபிடித்த அதே பிளம்பெர்கும் சேர்ந்து, கீழாநெல்லிப் பொடியை 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை 30 நாட்களுக்கு, வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு மருந்தில்லாத மாத்திரை கொடுத்தார்கள். 1988-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளிவந்த முடிவின்படி, கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் மேலுறை மறைந்திருந்தது. மற்றவர்கள் 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்திருந்தது. ஆயுள் முழுதும் வைரஸைச் சுமப்பவர்களில் அது தானாக மறைவது வருஷத்துக்கு நூற்றுக்கு ஒருவருக்கு மேல் அரிது என்பதை அறிந்தவர்களுக்கு, இந்த எண் எவ்வளவு பெரிய சேதியாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நம் வயல் வரப்புச் செடி ஒன்று உலகத்தின் வைத்தியப் பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டது.

ஆனால் விஞ்ஞானத்தில் ஒருவர் கண்டதை மற்றொருவரும் காணவேண்டும் என்ற கண்டிப்பு இருக்கிறது. 1990-ல் தாய்லாந்திலும், பிறகு நியூஸிலாந்திலும் அதே வகைச் செடியை வைத்து நடத்திய பரீட்சைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பல பரீட்சைகளையும் ஒருங்கே வைத்துச் சீர்தூக்கிய 2011-ஆம் ஆண்டுத் தொகுப்பு ஆய்வும், நாட்பட்ட பி வைரஸுக்கு இது மருந்தாகும் என்று நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றே முடிவு சொன்னது. செடியின் இனமா, பறித்த பருவமா, நோயாளிகளின் நிலைமையா, எது வித்தியாசப்படுத்தியது என்ற வாதம் நடந்தது. அந்த வாதம் எப்படியிருந்தாலும், இன்று ஒருவரிடம் வைரஸ் இருந்தால் அவருடைய கல்லீரலைக் காப்பாற்ற நிரூபிக்கப்பட்ட மாத்திரைகள், டெனோஃபோவிர், என்டகாவிர் என்று இருக்கும்போது, அவற்றை விட்டுவிட்டுப் பச்சிலையை மட்டும் நம்பியிருப்பது நியாயமாகாது. வயது வந்தவருக்கு வந்த புதுக் காமாலை கீழாநெல்லி சாப்பிட்ட பிறகு இறங்கிற்றென்றால், சாப்பிடாமலிருந்தாலும் பெரும்பாலும் இறங்கியிருக்கும் என்பதை முன்பே சொன்ன கணக்கு காட்டுகிறது. இறங்கியபின் ஆறு மாதம் கழித்து ஹெச்.பி.எஸ்.ஏஜி. ஒருமுறை பார்த்துக்கொண்டார்களா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

இந்த வைரஸை ஒழிக்க மருந்தைவிட ஊசி பன்மடங்கு வலியது. தைவான் தேசத்தில் 1984-ல் குழந்தைகளுக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். பத்து வருஷம் ஆவதற்குள், 6 முதல் 14 வயதுவரையுள்ள குழந்தைகளிடையே கல்லீரல் புற்றுநோய் சரிபாதியாகக் குறைந்துபோயிற்று. நம் நாட்டில் அது அவ்வளவு சீக்கிரம் நடக்கவில்லை. வெளிநாட்டு ஊசியின் விலை சாமானியருக்கு எட்டாமல் இருந்த நிலையை, ஹைதராபாத்தில் வரபிரசாத் ரெட்டி ஆரம்பித்த சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் சுதேசி ஊசியைக் கொண்டுவந்து மாற்றியது. பிறகு தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது படிப்படியாகச் சேர்ந்தது. ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசி 2011 டிசம்பரில் முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலுந்தான் அறிமுகமாயிற்று. இன்று குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஓர் ஊசியும், 6, 10, 14-ஆவது வாரங்களில் மற்றவையும் போடப்படுகின்றன. தாயிடம் வைரஸ் இருந்தால் குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் என்ற மற்றொரு ஊசியும் சேர்த்துப் போடுகிறார்கள். நாள் பார்த்து, மாமியார் வரட்டும் என்று காத்திருந்து, அந்த முதல் 24 மணி நேரத்தைத் தவறவிடுவது, பிற்காலத்தில் எந்த வைத்தியத்தாலும் திருப்ப முடியாத நஷ்டம்.

2018 ஜூலை 28-ல் ஆரம்பித்த தேசிய வைரல் ஹெப்படைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் மாத்திரையும் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. தென்காசியிலேயே ஜில்லா தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமானால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. ரியாக்டிவ் என்று எழுதிய சீட்டோடு வரும் எல்லோருக்கும் உடனே மாத்திரை எழுதிவிடுவார்கள் என்று எண்ணவேண்டாம். பலருக்கு அது தேவைப்படுவதில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் ஸ்கேனும் பார்த்துக்கொண்டு, மதுவை விட்டுவிட்டு, சாதாரணமாக வாழ்ந்துவிடலாம். ஆனால் அந்த வாலிபன் வளைகுடாப் பயணம் நின்றுபோன துக்கத்தில் சொல்லாமல் மறைத்துவைத்த சீட்டில், அவன் பெயருக்கு அடுத்து வேறு சில பெயர்களும் வரவேண்டும். அவனைப் பெற்றவளுக்கும், கூடப்பிறந்தவர்களுக்கும், மனைவி இருந்தால் அவளுக்கும், குழந்தைகளுக்கும் இந்த மூன்று வரிகளையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கவேண்டும். மூன்றும் இல்லையென்று வருகிறவர்கள் அன்றைக்கே முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, அடுத்த மாதத் தேதியையும் ஆறாம் மாதத் தேதியையும் வீட்டுக் காலண்டரில் குறித்துவைத்துவிடலாம்.